உஷார்! காசில் தெரியும் முகத்தை நம்பி ஏமாறாதீர்கள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் உழும்போது, வாவிக் கரையில் கிணறு வெட்டும்போது, முந்தனையாற்றில் மணல் அள்ளும்போது களிம்பேறிய காசு ஒன்று உங்கள் கையில் அகப்படலாம். மண்ணைத் துடைத்தால் அதில் ஒரு தலை தெரியலாம்: சுருட்டை முடி, நேரான மூக்கு, நெற்றியில் ஒரு பட்டி. அந்த நிமிடத்திலிருந்து உஷாராக இருங்கள். அது யாருடைய தலை என்று உங்களுக்குச் சொல்ல ஓடி வருகிற முதல் ஆள், பெரும்பாலும் உங்களை ஏமாற்ற வருகிற ஆள்தான்.

"இது கிரேக்கக் காசு. அலெக்சாண்டர் தலை. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் போகும்." இந்த மூன்றையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால் அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இதில் மாட்டியவர்களின் சல்லி போகும். சிலர் பொலிஸ், நீதிமன்றம் என்று அலைய நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்துச் சான்றுகள் குறைவான நம் கரையின் பழைய வரலாற்றுக்கு மண் பத்திரமாக வைத்திருந்த ஒரு சாட்சி, யாருக்கும் தெரியாமல் அழிந்து போகும். அதனால்தான் இதைச் சத்தமாகச் சொல்கிறேன்.

இரண்டு வழிகளில் வருவார்கள்

உங்களிடம் காசு இருந்தால் அவர்கள் வரும் வழி ஒன்று. முகநூலிலோ வட்ஸ்அப் குழுவிலோ படத்தைப் போட்டதும் அழைப்பு வரும். வாங்குபவர் வெளிநாட்டில் காத்திருக்கிறார் என்பார்கள். பதிவுக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்பார்கள். பணம் கைமாறியதும் அந்த இலக்கம் வேலை செய்யாது. இந்தியாவில் இந்த மோசடி எவ்வளவு பரவியது தெரியுமா? பழைய காசு, தாள்களை விற்றுத் தருவதாகச் சொல்லித் தன் பெயரிலேயே கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

உங்களிடம் சல்லி இருந்தால் வரும் வழி வேறு. "குளக்கட்டு திருத்தும்போது ஒரு முட்டி நிறைய அகப்பட்டது, பொலிசுக்குப் பயந்து குறைந்த விலைக்குத் தாறன்" என்பார்கள். இரவில், வெளிச்சம் குறைந்த இடத்தில் காட்டுவார்கள். நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவான் என்று அவசரப்படுத்துவார்கள். கஜமுத்து, வலம்புரிச் சங்கு, புதையல் தங்கம் என்று நம் நாட்டிலும், இரிடியம் கலசம், ரைஸ் புல்லர் என்று தமிழ்நாட்டிலும் எத்தனை குடும்பங்களை அழித்த தந்திரம் இது! பழங்காசும் அதே கூட்டத்தின் கையில் இன்னொரு சரக்கு.

இந்த வியாபாரம் முழுவதும் காசின் மேல் உள்ள உருவத்தை வைத்தே நடக்கிறது. 1818ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததாகச் சொல்லி இராமர், அனுமன் உருவம் பொறித்த செப்புக் காசுகளை இலட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை ஒருபோதும் வெளியிடவில்லை. அவை பிற்காலத்தில் பக்தர்களுக்கு விற்பதற்காகச் செய்த வில்லைகள். ஆனாலும் தெரிந்த சாமியின் உருவத்தைக் கண்டதும் கை கூப்புகிறோம், கேள்வி கேட்க மறக்கிறோம். கிரேக்கக் காசு என்று வரும்போது நிலைமை இன்னும் மோசம். அந்த உருவங்கள் நமக்குப் பழக்கமில்லாதவை. சொல்பவர் சொன்னதே முடிவாகிவிடும்.

அந்தத் தலை அலெக்சாண்டருடையதா?

விற்பவர்கள் அதிகம் காட்டும் உருவத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கத்தின் தோலைத் தலையில் போர்த்திய, தாடியில்லாத இளைஞன். சிங்கத்தின் மேல்தாடை அவன் நெற்றிக்கு மேல் இருக்கும். பாதங்கள் கழுத்தின் கீழ் முடிந்திருக்கும். மறுபுறம் அரியாசனத்தில் ஒருவர், ஒரு கையில் கழுகு, மறு கையில் செங்கோல். பக்கத்தில் கிரேக்க எழுத்தில் அலெக்சாண்டரின் பெயர். "பார்த்தீர்களா, பெயரே இருக்கிறது" என்பார்கள்.

பெயர் அவனுடையதுதான். தலை அவனுடையதல்ல. அது ஹெராக்ளிஸ், நேமியாவின் சிங்கத்தைக் கொன்று அதன் தோலை அணிந்த கிரேக்க வீரன். மறுபுறம் அமர்ந்திருப்பவர் தேவர்களின் அரசன் சியூஸ். அலெக்சாண்டரின் பொற்காசில் இருப்பதும் அவன் முகமல்ல. கொரிந்தியத் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவியின் தலை ஒருபுறமும், சிறகுள்ள வெற்றித் தேவி நைக்கி மறுபுறமும் இருக்கும். பெயர் இருப்பதால் அவன் காலத்துக் காசு என்றும் சொல்லிவிட முடியாது. அவன் கி.மு. 323இல் இறந்த பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நகரங்கள் அதே பெயரில், அதே உருவத்தில் காசடித்து வந்தன. எந்த நகரம், எந்தக் காலம் என்பதை அரியாசனத்தின் அடியிலும் பக்கத்திலும் உள்ள சின்னஞ்சிறு அடையாளங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். தலையைப் பார்த்து அல்ல.

அலெக்சாண்டரின் உண்மையான முகத்தைக் காசில் பொறித்தவர்கள் அவனுக்குப் பின் வந்த தளபதிகள். திரேஸை ஆண்ட லைசிமாக்கஸின் வெள்ளிக் காசில் அவனுக்கு நெற்றிப்பட்டியும், காதோரம் வளைந்த ஆட்டுக்கடாக் கொம்பும் உண்டு. அம்மோன் தெய்வத்தின் மகன் அவன் என்பதற்கு அந்தக் கொம்பு அடையாளம். எகிப்தைப் பிடித்த தாலமியின் காசில் அவன் யானையின் தலைத்தோலை அணிந்திருக்கிறான், தும்பிக்கை நெற்றிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்.

அப்படியானால் யானைத்தோல் இருந்தால் அலெக்சாண்டர் என்று முடிவு செய்யலாமா? கூடாது! அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து பாக்திரியா என்னும் நாட்டை ஆண்ட டெமெத்ரியஸ் மன்னனும் அதே யானைத்தோலைத் தன் தலையில் சூடிக் காசடித்தான். அணிந்திருப்பது ஒன்றே, ஆள் வேறு, நாடு வேறு, காலம் வேறு. எழுத்தையும் மறுபக்கத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்காமல் முகத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவர், ஒன்று தெரியாதவர், இல்லையேல் தெரிந்தே ஏமாற்றுபவர்.

சூலம் கண்டால் சிவன் என்று எண்ணாதீர்கள்

நம் கண்ணுக்குப் பழகிய அடையாளங்களே நம்மை அதிகம் ஏமாற்றும். கிரேக்கக் காசொன்றில் மூன்று முனைச் சூலத்தோடு ஒருவர் நின்றால் நாம் சிவன் என்போம். அவர் கடலின் தெய்வமான பொசைடன். கையில் தடி இருந்தால் அது பீமனோ ஐயனாரோ அல்ல, பெரும்பாலும் ஹெராக்ளிஸ். தலையைச் சுற்றிக் கதிர் வீசினால் சூரியக் கடவுள் ஹீலியோஸ், ரோட்ஸ் தீவின் காசில் அவர் நம்மை நேருக்கு நேர் பார்ப்பார். ஆந்தை இருந்தால் தரித்திரம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது அதீனாவின் பறவை, ஏதென்ஸ் நகரக் காசின் முத்திரை.

மீன்பாடும் தேனாடான மட்டக்களப்பில் வாழும் நமக்கு இதில் தனியான ஆபத்து உண்டு. நம் ஊரின் அடையாளமே மீன்மகள். மீனோடு ஒரு பெண் தலை உள்ள காசைக் காட்டி "இது நம் வாவியின் மீன்மகள், பழைய மட்டக்களப்பு அரசின் காசு" என்று ஒருவர் சொன்னால் நம் நெஞ்சு தானாகவே நம்பிவிடும். சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரக் காசில் அப்படி ஒரு பெண் உண்மையில் உண்டு. அவள் அரெத்தூசா என்னும் ஊற்றுத் தேவதை. அவளைச் சுற்றி நீந்துபவை டொல்பின்கள். அவளுக்கு மீன்வால் கிடையாது. மீன்வாலோடு உள்ள உருவம் வேண்டுமானால் பினீசியாவின் அராடோஸ் தீவுக் காசில் இருக்கிறது. அது தாடி வைத்த ஓர் ஆண் கடல்தெய்வம். தென் இத்தாலியின் தாரெண்டம் நகரக் காசில் டொல்பின் மேல் ஒரு பையன் சவாரி செய்கிறான். அவன் அந்த நகரின் பெயருக்குரிய தாராஸா, நகரைக் கட்டிய பலாந்தோஸா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கற்றவர்களே ஒரு பெயரில் நிற்காத உருவத்துக்கு, தெருமுனைத் தரகர் ஒரு நொடியில் பெயர் வைப்பதை எப்படி ஏற்பது?

கிரேக்கக் காசில் நம் தெய்வமே இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்கானிஸ்தானின் ஐ கானூமில் 1970இல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் கண்டெடுத்த அகதோக்ளிஸ் மன்னனின் சதுர வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் சக்கரமும் சங்கும் ஏந்திய வாசுதேவன், மறுபுறம் கலப்பை ஏந்திய பலராமன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மன்னன் அடித்த காசு அது! அதே மன்னனின் செப்புக் காசில் தாமரையோடு தோன்றும் பெண்ணைச் சிலர் இலட்சுமி என்கிறார்கள், சிலர் சுபத்திரை என்கிறார்கள். பிறகு வந்த குஷாணர் காசுகளில் சூலமும் காளையுமாக நிற்கும் தெய்வத்தின் பக்கத்தில் கிரேக்க எழுத்தில் ஓஎஷோ என்று பொறித்திருக்கிறது. அது சிவனா, ஈரானியக் காற்றுத் தெய்வமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஐ கானூமின் காசுகள் இவ்வளவு பெறுமதி பெற்றது, எங்கே, எந்த மண் படையில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்று பதிவானதால். அவை அகழ்வில் கிடைக்காமல் ஒரு கடைக்காரர் கைவழியே வந்திருந்தால், கிரேக்க மன்னன் காசில் கண்ணனா என்று முதலில் போலி என்றே ஒதுக்கியிருப்பார்கள்.

நம் மண்ணில் அகப்படுபவை எவை?

இலங்கையில் கிடைத்த மேற்குலகக் காசுகளில் பெரும்பங்கு கிரேக்கத்தினுடையவை அல்ல, ரோமருடையவை. அவற்றிலும் மிகப் பல, கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டின் சிறிய செப்புக் காசுகள். தேய்ந்துபோன அவற்றில் தெரியும் சிறகுள்ள உருவம் தேவதூதர் அல்ல, ரோமரின் வெற்றித் தேவி. அவற்றைப் பார்த்து இங்கேயே வார்த்த உள்ளூர்ப் பிரதிகளும் ஏராளம். அந்தப் பிரதிகள் இன்றைய மோசடி அல்ல. அன்றைய சில்லறைத் தேவைக்காகச் செய்தவை, அவையும் தொல்பொருள்களே.

கந்தரோடை, மாந்தை, திசமகாராம, அநுராதபுரம் ஆகிய இடங்களில் நீள்சதுரத் தகடுகள் கிடைக்கின்றன. தாமரை மேல் நிற்கும் பெண், இருபுறமும் நீர் சொரியும் யானைகள், மறுபுறம் ஸ்வஸ்திகம். இவை இலட்சுமித் தகடுகள். பெரிய செப்புக் காசில் யானையும் ஸ்வஸ்திகமும் இருந்தால் அதுவும் இந்தத் தீவின் பழங்காசு. ஒருபுறம் நிற்கும் குச்சி போன்ற மனிதன், மறுபுறம் அமர்ந்த மனிதன், கைக்குக் கீழே நாகரி எழுத்து என்றால் அது இராஜராஜ சோழனின் காசாகவோ, அந்த அமைப்பைப் பின்பற்றிய பொலன்னறுவை மன்னர்களின் காசாகவோ இருக்கும். படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் இருந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது. இவற்றில் எதையும் கிரேக்கம் என்று பெயர் மாற்றுவது, நம் வரலாற்றை நாமே அழித்து வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுப்பதாகும்.

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அதன்பின் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காசுகள் இந்தக் கரையில் புழங்கின. ஒல்லாந்தர் செப்புக் காசில் வி.ஓ.சி. என்ற பின்னலெழுத்தும் ஆண்டும் ஒருபுறம், கேடயமும் சிங்கமும் மறுபுறம். அதைவிட ஆபத்தானது 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அடித்த ஸ்டைவர் செப்புக் காசு. ஒருபுறம் வாகை மாலை சூடிய தலை, மறுபுறம் யானை! பண்டைய முகம்போலத் தோன்றும் அந்தத் தலை இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன். யானைக்குக் கீழே ஆண்டு பொறித்திருக்கும். அது தேய்ந்துவிட்டால் போதும், "அலெக்சாண்டரும் போரஸின் யானையும்" என்று கதை கட்ட ஒருவர் தயாராகிவிடுவார்.

தமிழ்நாட்டில் கரூரின் கதையும் நமக்குப் பாடம். அமராவதி ஆற்று மணலில் ஆயிரக்கணக்கான பழங்காசுகள் அகப்பட்டன. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். செலூசிட் அரசின் காசுகள், ரோட்ஸ், கிரீட் போன்ற கிரேக்கத் தீவுகளின் காசுகள் அவற்றில் இருப்பதை எழுதி வெளியிட்டார். அதே கரூரில் கிடைத்த ஒரு வெள்ளிக் காசில் ரோமப் பேரரசர் சாயலில் ஒரு தலை. முகத்தை மட்டும் பார்த்தால் யாரும் ரோமக் காசு என்றே சொல்வார்கள். தலைக்கு மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்று இருக்கிறது. ரோமர் பாணியில் தன் முகத்தைப் பொறித்த சேர மன்னன் அவன்! எழுத்தைக் கவனிக்காமல் ஒரு வியாபாரி அதை ரோமக் காசாக விற்றிருந்தால், அல்லது பழைய வெள்ளி என்று உருக்கியிருந்தால், சங்க காலத்துக்கு இருந்த ஒரு நேர்ச் சான்றைத் தமிழர் இழந்திருப்போம். உருக்குப் பட்டறைக்குப் போய் அப்படி மறைந்த காசுகள் எத்தனையோ.

இலங்கை மன்னன் காட்டிய வழி

உருவத்தை நம்பாத ஒரு மன்னன் இந்தத் தீவில் இருந்திருக்கிறான். ரோம எழுத்தாளர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய செய்தி அது. அன்னியஸ் பிளோகாமஸ் என்ற வரி வசூலிப்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தார். அவரிடமிருந்த ரோம வெள்ளிக் காசுகளை மன்னன் வாங்கிப் பார்த்தான். அவற்றில் வெவ்வேறு ஆட்களின் முகங்கள் இருந்தன. வெவ்வேறு காலத்தில் அடித்தவை என்பது தெரிந்தது. ஆனால் எடை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. அந்த நேர்மையைக் கண்டுதான் மன்னன் வியந்தான், ரோமாபுரிக்குத் தூதரையும் அனுப்பினான்.

நாமும் அவன் வழியில் முதலில் எடையைப் பார்ப்போம். அலெக்சாண்டர் பெயரிலுள்ள பெரிய வெள்ளிக் காசு ஏறத்தாழ 17.2 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுணுக்குச் சற்றுக் கூட. அதன் நாலில் ஒன்றான திரக்மா 4.3 கிராம் அளவு. நகைக்கடை மின்தராசில் வைத்ததும், வார்த்த போலிகளில் பல 14, 15 கிராமில் நின்று காட்டிக் கொடுத்துவிடும். அடுத்து விளிம்பைப் பாருங்கள். பழைய கிரேக்கக் காசு சூடாக்கிய உலோக வில்லையை அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தது. அது சரியான வட்டமாக இருக்காது, உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், விளிம்பில் வெடிப்பும் தெரியலாம். அச்சில் ஊற்றி வார்த்த போலியின் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடும். மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள், குமிழ்கள், மங்கிய எழுத்துகள். ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

ஆனால் கவனம்! இந்தப் பரிசோதனைகள் மோசமான போலியைப் பிடிக்கும். நல்ல போலியைப் பிடிக்காது. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) தானே அச்சு வெட்டிக் கிரேக்க, ரோமக் காசுகளை அடித்தான். புதுமினுக்கம் போக அவற்றை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் குலுக்கிக்கொண்டு போவானாம். 1988இல் சந்தைக்கு வந்த 'கருங்கடல் புதையல்' என்ற கிரேக்க வெள்ளிக் காசுகளைப் பற்றி உலகின் வல்லுநர்களே உண்மை, போலி என இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். கடைசியில் அவை போலி என்று முடிவாயிற்று.

காசு அசலாக இருந்தாலும் அதன் வரலாறு போலியாக இருக்கலாம். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42இல் அடித்த ஒரு பொற்காசு, 2020இல் லண்டன் ஏலத்தில் 40 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அது யார் யாரிடம் இருந்து வந்தது என்று காட்டிய ஆவணங்கள் பொய் என்று பின்னர் அம்பலமானது. 2023இல் அந்தக் காசு கிரேக்க நாட்டிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கோடிகள் புரளும் சந்தையிலேயே இந்த நிலை என்றால், வாசலுக்கு வரும் தரகரின் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் காசையும் புளி, எலுமிச்சை, சாம்பல், மினுக்கும் திரவம் என்று தேய்த்துவிடுகிறோம். தலை தெளிவாகத் தெரியட்டும் என்ற ஆசை. அந்தத் தேய்ப்பில் எழுத்து போகும், சிறு அடையாளங்கள் போகும், பல நூற்றாண்டுகள் படிந்த மேற்படை போகும். ஆய்வாளர் காலத்தையும் ஊரையும் கண்டுபிடிக்க நம்பியிருப்பவை அவைதான்.

நம் வாவியின் உவர்நீருக்கு இன்னொரு குணம் உண்டு. உப்பு மண்ணில் கிடந்த செப்புக் காசுக்குள் குளோரைடு ஏறியிருக்கும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது செம்பை உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சை மாவு போல் பொரிந்தால் அதுதான் அறிகுறி. பக்கத்துக் காசுகளிலும் அது தொடங்கலாம். எண்ணெய் பூசாதீர்கள், ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டாதீர்கள். காகித உறையில், ஈரமில்லாத இடத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய காலத்துக் காசு தொல்பொருள் ஆகும். கண்டெடுக்கப்படாமல் மண்ணில் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. அகப்பட்டால் அறிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. உத்தரவுப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம், அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதும் குற்றம். பின்னர் வந்த திருத்தங்கள் தண்டனையைக் கூட்டியிருக்கின்றன. ஆகவே "வெளிநாட்டு வாங்குபவர்" என்ற பேச்சே உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கும் பேச்சு. உலோகம் கண்டறியும் கருவியோடு வயலுக்குள் இரவில் வருகிறவர்களுக்குப் பங்கு பேசி இடம் காட்டுகிறவரும் தப்ப முடியாது.

"தொல்பொருள்காரருக்குச் சொன்னால் காணி போய்விடும்" என்று நம் ஆட்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. அதை மறந்துவிடச் சொல்லவில்லை. ஆனால் காசை ஒளிப்பதால் காணி காப்பாற்றப்படாது. ஒளித்த காசு தரகரிடம் போகும், தரகரிடம் போன காசு நம் கரையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது. கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், வெல்லாவெளியில் பிராமிக் கல்வெட்டு என்று நாம் இன்று பெருமையோடு சொல்பவை எல்லாம் யாரோ பார்த்து, பதிந்து, வெளியே சொன்னதால் நமக்குக் கிடைத்தவை. பதிவு நம் கையில் இருந்தால் கேள்வி கேட்கும் உரிமையும் நம் கையில் இருக்கும்.

இப்போதே செய்ய வேண்டியவை

காசு அகப்பட்டால் அந்த இடத்தில் மேலும் தோண்டாதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும், பக்கத்தில் கிடந்த ஓட்டுத் துண்டு, மணி, எலும்பு எதுவானாலும் அவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். காசின் இரு பக்கத்தையும் விளிம்பையும் ஓர் அளவுகோலோடு வைத்துப் படம் எடுங்கள். திகதி, வயலின் பெயர், யார் கண்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். படத்தை முகநூலில் போடாதீர்கள், இடத்தின் பெயரை வட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

பிறகு தனியாகப் போகாமல், ஊர்ப் பெரியவர் ஒருவரையோ கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்திலோ, பொலிஸ் நிலையத்திலோ, தொல்பொருள் திணைக்களத்திலோ அறிவியுங்கள். ஒப்படைக்கும்போது காசின் விவரமும் எடையும் எழுதிய பற்றுச்சீட்டைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். உங்கள் படங்களின் ஒரு பிரதியை வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ வரலாறும் தொல்லியலும் கற்பிப்பவர்களிடம் காட்டுங்கள். உருவம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் அவர்களிடமிருந்து வரட்டும்.

உங்கள் வீட்டில் பாட்டன் காலத்துக் காசு இருந்தால் அதையும் தேய்க்காமல், விற்காமல், படம் எடுத்துக் காட்டி விவரம் கேளுங்கள். யாராவது கிரேக்கக் காசு விற்க வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எங்கே கிடைத்தது, யாரிடம் அறிவித்தீர்கள், எழுத்தில் தருவீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டால் உடனே பொலிசில் முறையிடுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த வரலாற்றுப் பாடத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வயற்காரரும் மணல் அள்ளும் தொழிலாளரும் கிணறு வெட்டுவோரும் வலை வீசுவோரும் தங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மட்டக்களப்பின் பழைய காலத்தைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அதற்கான சான்று நாளை உங்கள் மண்வெட்டியிலேயே தட்டுப்படலாம். அதைத் தரகர் கையில் கொடுத்துவிடாதீர்கள்!